பெட்டிக்குள் பேசுவது யார்? ‘உரையாடல்’ என்ற சொல்லைப் பற்றி ஒரு பதில்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்காக ஒரு சிறிய செயலியைத் தமிழாக்குகிறீர்கள். மொழிப் பாடத்தில் ‘உரையாடல்’ என்று தலைப்பிட்டால் இருவர் பேசிக்கொள்வது வருகிறது. அதே செயலியின் உதவிப் பக்கத்தில் ‘உரையாடல் பெட்டி’ என்றால் திரையில் எழும்பும் ஒரு சதுரம் வருகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்துக்கூட்டுகூடச் சற்று மாறுகிறதே (dialogue, dialog), தமிழில் வேறு சொல் வேண்டாமா என்பது உங்கள் கேள்வி. கூடவே உங்கள் மாணவி ஒருத்தி, “பெட்டியோடு எப்படி டீச்சர் பேசறது?” என்று கேட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வி கலைச்சொல்லைப் பற்றியது. மாணவியின் கேள்வி அதைவிட ஆழமானது. எது இருந்தால் ஒன்றை உரையாடல் என்று சொல்லலாம் என்று அவள் கேட்கிறாள். அவளுக்குப் பதில் சொன்னால் உங்களுக்கும் பதில் கிடைத்துவிடும்.

நான் இங்கே மொரீசியஸில் தமிழாசிரியன், 22 ஆண்டுகளாக. பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல். பாடப் புத்தகம் பெரும்பாலும் ஆங்கிலம், தொலைக்காட்சி பிரெஞ்சு. தமிழ் அவர்களுக்கு வாரத்தில் சில மணி நேரம் வந்து போகும் மொழி. பள்ளி நாடகங்களுக்கு வசனம் எழுதி ஒத்திகை பார்ப்பேன். சில ஆண்டுகளாக, கட்டற்ற மென்பொருள்களின் திரைச் சொற்களைத் தமிழாக்கும் தன்னார்வலர்களோடும் வேலை செய்கிறேன். நான் கணினிப் பொறியாளர் இல்லை. அதனால் இலக்கணம், நாடகம், மொழிபெயர்ப்பு ஆகியவற்றில் சொல்வதை அனுபவத்திலிருந்து சொல்கிறேன், இயந்திரங்களின் வரலாற்றைப் படித்தறிந்த அளவில் சொல்கிறேன். கருத்து என்னுடையது மட்டுமாக இருக்கும் இடங்களில் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் சந்தேகமில்லாத ஒன்று. ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டுக்கும் ‘டயலாக்’ வந்தது கிரேக்கத்திலிருந்து. ‘லோகோஸ்’ என்றால் சொல், பேச்சு. ‘தியா’ என்றால் ஊடாக, குறுக்கே. பலர் இந்த ‘தியா’வை ‘இரண்டு’ என்று நினைத்துக்கொண்டு, டயலாக் என்றால் இருவர் பேச்சு மட்டும்தான் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது பிழை. பேச்சு ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் ஊடுருவிப் போவதுதான் சொல்லின் மூலப்பொருள். பேசுவோர் மூன்று பேராகவும் இருக்கலாம், ஏழு பேராகவும் இருக்கலாம். கணினிக்காரர்கள் கடைசி இரண்டு எழுத்தை விட்டுவிட்டு எழுதுவது அமெரிக்க எழுத்துமுறை சார்ந்த வழக்கம். சொல் ஒன்றேதான். அதனால் ‘எழுத்து வேறு, ஆகவே பொருள் வேறு’ என்ற வாதத்தை விட்டுவிடலாம்.

தமிழில் நமக்குச் சொல் பஞ்சம் இல்லை. ‘உரையாடு’ என்பதில் உள்ள ‘ஆடு’ நடனத்தைக் குறிப்பதில்லை. வாதாடு, போராடு, மன்றாடு, சொல்லாடு என்று சொல்லிப் பாருங்கள். ஒரு செயலில் இறங்கி, விட்டுவிடாமல் தொடர்ந்து ஈடுபடுவது அந்த ‘ஆடு’வில் இருக்கிறது. ஒரு தடவை சொல்லிவிட்டுப் போனால் அது உரை. சொல்லிச் சொல்லித் திரும்ப வந்தால்தான் உரையாடல். ‘வசனம்’ வேறு வழியில் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் வசனம் என்றால் செய்யுளுக்கு எதிரான உரைநடை. மேடையில் பாட்டுக்கு நடுவே பேசப்படும் பகுதி என்று ஆகி, பிறகு சினிமாவின் ‘கதை வசனம்’ ஆனது. அப்புறம் ‘டயலாக்’ என்றே பேச்சுத் தமிழில் ஒன்று இருக்கிறது: “சும்மா டயலாக் விடாதே” என்கிறோம். முன்கூட்டியே தயார்செய்த, மனசிலிருந்து வராத பேச்சு என்று அதற்கு அர்த்தம். வந்த இடத்தில் உயர்வான பொருள் கொண்ட சொல் நம்மிடம் வந்து இப்படி ஒரு குற்றச்சாட்டாக மாறியிருப்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். எழுதிவைத்த பேச்சுக்கும் நிஜமாகப் பதில் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை மக்கள் காது நன்றாகவே பிடித்திருக்கிறது.

இந்த விஷயத்தில் எனக்குக் கைவிளக்காக இருப்பது தொல்காப்பியம்தான். செய்யுளியலில் சொல்லப்படும் 34 உறுப்புகளில் கூற்று, கேட்போர், களன் என்று மூன்று வருகின்றன. யார் பேசுவது, யார் கேட்பது, எங்கே நடப்பது. குறுந்தொகையையோ நற்றிணையையோ திறந்தால் பாட்டுக்குக் கீழே ‘தோழி கூற்று’, ‘தலைவி கூற்று’ என்று குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்புகள் பிற்காலத் தொகுப்பாளர்கள் சேர்த்தவை என்பது பொதுவான கருத்து. சில பாட்டுகளில் அது தலைவி பேச்சா தோழி பேச்சா என்று இன்றும் வாதிடலாம். ஆனால் ‘இது யார் பேச்சு?’ என்று கேட்காமல் அகப்பாட்டைப் படிக்கவே முடியாது என்பதில் இரண்டாம் கருத்து கிடையாது. அந்தப் பாட்டுகளில் பெரும்பாலும் ஒரு பக்கப் பேச்சுதான் நமக்குக் கேட்கிறது. எதிரில் இருப்பவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டு பக்கமும் பேசுகிற பாட்டுக்குத் தொல்காப்பியர் தனியாகவே விதி வைக்கிறார்: “கூற்றும் மாற்றமும் இடையிடை மிடைந்தும் போக்கின் றாகல் உறழ்கலிக் கியல்பே.” கூற்று என்றால் சொன்னது. மாற்றம் என்றால் அதற்கு வந்த பதில். இரண்டும் இடையிடையே நெருங்கிப் பின்னிக்கொண்டு, முடித்துவைக்கும் இறுதிப் பகுதி இல்லாமல் நிற்பது உறழ்கலி. உரையாடலுக்கு இதைவிட நல்ல இலக்கணத்தை நான் வேறு மொழியில் படித்ததில்லை. பதிலுக்கு ‘மாற்றம்’ என்று பேர் வைத்திருப்பதைப் பாருங்கள். இன்று நாம் அந்தச் சொல்லை வேறு பொருளில்தான் புழங்குகிறோம். ஆனாலும் பதில் வந்தால் ஏதோ ஒன்று மாற வேண்டும் என்ற எண்ணத்தை அதிலிருந்து விலக்க என்னால் முடியவில்லை. (இந்தக் கடைசி வரி என் வாசிப்பு, உரையாசிரியர் சொன்னது இல்லை.)

எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை இருக்கிறது. பாண்டியன் அவையில் கண்ணகி, “என் காற் பொற்சிலம்பு மணியுடை அரியே” என்கிறாள். அரசன், “யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே” என்கிறான். ஒரு வரி, ஒரு மறுவரி. அவள் சொன்னது அவனைப் பதில் சொல்ல வைத்தது, அந்தப் பதிலே அவனைச் சிக்கவைத்தது. சிலம்பை உடைத்ததும் மணி தெறித்து அரசன் வாய்முதலைத் தொட, அவன் விழுந்து உயிர் விடுகிறான். ஆனால் தீர்ப்பு அந்த இரண்டு வரியிலேயே முடிந்துவிட்டது. இப்படிப்பட்ட இடத்தில் எந்த வரியையும் உருவி எடுக்க முடியாது. எடுத்தால் அடுத்த வரி நிற்காது.

மேடையில் இதை நான் நேராகப் பார்த்தேன். ஒரு வருஷம் பிள்ளைகளுக்கு ஒரு மளிகைக்கடை நாடகம் எழுதினேன். இங்கே ‘லபுத்திக்’ என்போம், ஊர் மூலையில் இருக்கும் சின்னக் கடை. கடன் சொல்லி வாங்குகிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு நோட்டு, ‘கார்னே’, அங்கே இருக்கும். கடைக்காரப் பையன் பாட்டியிடம் கேட்க வேண்டும்: “பாட்டி, பழைய பாக்கி எப்போது தருவீர்கள்?” பாட்டி சொல்ல வேண்டும்: “அடுத்த வாரம் தருகிறேன் தம்பி.” இரண்டு மாதம் ஒத்திகை. சொற்கள் சரியாக வந்தன, உயிர் வரவே இல்லை. பாட்டியாக நடித்த பெண்ணுக்கு ஒருநாள் தன் வரி மறந்துபோனது. கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். சட்டென்று, “இந்தப் பருப்பு நல்லா வேகுமா?” என்று கேட்டுவிட்டாள். பையன் திகைத்தான். அப்புறம் தன் தமிழில், “நான் பாக்கி கேட்டேன், நீங்க பருப்பு கேக்குறீங்க” என்றான். மற்ற பிள்ளைகள் கிரியோலை விட்டுவிட்டு மேடையைப் பார்த்தார்கள். அந்த வருஷத்தில் அவர்கள் இருவரும் தமிழில் பேசிய முதல் உரையாடல் அதுதான் என்று எனக்குப் பட்டது. நான் எழுதிக்கொடுத்தது வசனம். அவன் அவளைக் கேட்டான், கேட்டதற்குப் பதில் சொன்னான். நாடகத்தில் அந்த இரண்டு வரியையும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

பாட்டி செய்தது இலக்கணத்தில் இடம் உள்ள காரியம். நன்னூல் வழியில் நாம் பள்ளியில் படிக்கும் ஆறு வினா, எட்டு விடையை நினைத்துக்கொள்ளுங்கள். “ஆடுவாயா?” என்று கேட்டால் “ஆடுவேன்” என்பது நேர் விடை, “ஆடமாட்டேன்” என்பது மறை விடை. அதோடு நிற்கவில்லை. “நீயே ஆடு” என்பது ஏவல். “ஆடாமல் இருப்பேனா?” என்பது வினா எதிர் வினாதல். “கால் வலிக்கிறது” என்பது உற்றது உரைத்தல். “கால் வலிக்கும்” என்பது உறுவது கூறல். “பாடுவேன்” என்பது இனமொழி. வழி கேட்டவரிடம் “இது” என்று கைகாட்டுவது சுட்டு. எட்டில் ஐந்து சுற்றி வளைத்துப் பதில் தருபவை. இலக்கியத்தின் பேச்சு முழுக்க இந்த ஐந்தில்தான் வாழ்கிறது என்பேன். “கால் வலிக்கிறது” என்று ஒரு கதாபாத்திரம் சொன்னால், ஆடமாட்டேன் என்பதோடு வருத்தம், கோபம், வெட்கம் எல்லாம் சேர்ந்து வருகின்றன. தொல்காப்பியர் கேள்விக்குக் கேள்வியே பதிலாக வருவதையும் ஏற்றுக்கொள்கிறார்: “வினாவும் செப்பே வினாஎதிர் வரினே.” இந்த எட்டையும் மனசில் வைத்துக்கொண்டு கணினிப் பக்கம் வாருங்கள்.

தொடக்கத்தில் கணினியோடு பேச்சே கிடையாது. துளையிட்ட அட்டைகளை அடுக்கிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். மணிக்கணக்கில் கழித்து, சில சமயம் மறுநாள், அச்சடித்த முடிவு கையில் வரும். மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பதைப் போல. ஒரே இயந்திரத்தைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொண்டு, தட்டச்சில் ஒரு வரி அடித்தால் உடனே ஒரு வரி பதில் வரும் முறையை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1961இல் ஃபெர்னாண்டோ கொர்பாத்தோ குழு செய்து காட்டியது. 1960களில் இந்த மாதிரி வேலைமுறைக்கு ‘உரையாடும் முறை’ என்றே பெயர் வழங்கியது. அந்தக் காலத்துத் தட்டச்சுத் தாளைக் கற்பனை செய்து பாருங்கள்: மனிதர் ஒரு வரி, இயந்திரம் ஒரு வரி, மறுபடி மனிதர் ஒரு வரி. பார்வைக்கு அப்படியே ஒரு நாடகப் பிரதி. ஆக, இந்தச் சொல் கணினிக்குள் போனது வெறும் உவமையாக மட்டும் இல்லை. உண்மையிலேயே கூற்றும் மாற்றமும் மாறிமாறி வந்தன.

1980களின் தொடக்கத்தில் படங்களும் சாளரங்களும் கொண்ட திரை வந்தபோது அந்த நீளமான தாள் மறைந்தது. பேச்சு சுருங்கி, தேவைப்படும் நேரத்தில் மட்டும் எழுந்து ஒன்றைக் கேட்டுவிட்டு மறையும் பெட்டியானது. பெயர் மட்டும் பழையபடியே தொடர்ந்தது. உங்கள் மாணவிக்குத் தட்டுப்படும் முரண் இந்த இடத்தில்தான் பிறந்தது என்பது என் கணிப்பு.

அந்தக் காலத்தில் நடந்த ஒரு விஷயத்தை நான் ஒவ்வொரு மொழிபெயர்ப்புப் பயிற்சியிலும் சொல்வேன். 1983இல் ஆப்பிள் வெளியிட்ட லிசா கணினியை, வருவதற்கு முன்பே சாதாரண ஆட்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். பெட்டியில் ஒரு பொத்தானில் ‘டூ இட்’ என்று இருந்தது, ‘செய்’ என்று பொருள். சிலர் அதை அழுத்தவே தயங்கினார்கள். ஏன் என்று பார்த்தால், அந்த எழுத்துருவில் இரண்டு சொல்லுக்கும் நடுவே இடைவெளி சரியாகத் தெரியவில்லை, ஒரே சொல்லாகச் சேர்ந்து ‘டோல்ட்’ என்று தெரிந்திருக்கிறது. அதற்கு மடையன் என்று அர்த்தம். சோதனைக்கு வந்த ஒருவர், இயந்திரம் தன்னை ஏன் மடையன் என்கிறது என்று கோபப்பட்டாராம். அதற்குப் பிறகுதான் பொத்தான் ‘ஓகே’ ஆனது. பொதுவாக இதை எழுத்துரு பற்றிய கதையாகச் சொல்வார்கள். எனக்கு இது கூற்று பற்றிய கதை. பொத்தானில் எழுதியிருப்பது மனிதர் இயந்திரத்துக்குச் சொல்ல வேண்டிய சொல். அவரோ அதை இயந்திரம் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார். யார் கூற்று என்பது இடம் மாறிவிட்டது.

தமிழாக்கத்தில் இதே பிழையை நாம் தினமும் செய்கிறோம். பெட்டியின் மேல் பாதியில் இருக்கும் வாக்கியம் இயந்திரம் நம்மிடம் கேட்பது. அங்கே மரியாதை வேண்டும்: “மாற்றங்களைச் சேமிக்க வேண்டுமா?” கீழே உள்ள பொத்தான்கள் நாம் இயந்திரத்துக்குச் சொல்வது. நாம் இயந்திரத்தை ‘நீங்கள்’ என்று அழைப்பதில்லை. “சேமி”, “சேமிக்காதே”, “அழி”, “திரும்பிப் போ” என்று சுருக்கமாகச் சொன்னால் போதும். ஆனால் பல செயலிகளில் பொத்தானிலேயே “சேமிக்கவும்” என்று இருக்கும். அதைப் படித்தால் இயந்திரம் என்னிடம் விண்ணப்பம் போடுவதைப் போல ஒலிக்கிறது. மரியாதை கருதித்தான் அப்படி எழுதுகிறார்கள், நோக்கம் நல்லது. இருந்தாலும் பேசுபவர் மாறிவிடுகிறார். மொழிபெயர்ப்பாளர்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. ‘சேமி’ என்பது முகத்தில் அடித்தாற்போல இருக்கிறது என்று சொல்லும் நண்பர்களும் எனக்கு இருக்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: அந்த அடி இயந்திரத்தின் முகத்தில்தான் விழுகிறது.

இன்னொரு பிழை என்னையே கடித்தது. பள்ளிக்கூடக் கணினியில் எல்லாம் பிரெஞ்சில் இருக்கும். ஒருநாள் மாலை நாடகத்தின் கடைசிக் காட்சியைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன், இரண்டு மணி நேர வேலை. காவலாளி கதவைப் பூட்ட வந்து நின்றார். அவசரத்தில் சாளரத்தை மூடும் குறியைத் தவறிப்போய்த் தொட்டேன். பெட்டி எழும்பியது. மூடவா என்று கேட்கிறது என்று நினைத்து, ‘நோன்’ என்று அழுத்தினேன், ‘இல்லை, மூடாதே’ என்ற அர்த்தத்தில். பெட்டி கேட்டதோ, சேமிக்கவா என்று. அது என் பதிலை ஒழுங்காக எடுத்துக்கொண்டு, சேமிக்காமல் மூடிவிட்டது. பிரெஞ்சு எனக்கு நன்றாகத் தெரியும், மொழி அங்கே பிரச்சினை இல்லை. கேட்ட கேள்வி ஒன்று, நான் பதில் சொன்ன கேள்வி இன்னொன்று. “செப்பும் வினாவும் வழாஅல் ஓம்பல்” என்று தொல்காப்பியர் சொன்னதை, கேள்வியும் பதிலும் ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் பார்த்துக்கொள் என்பதை, அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து அந்தக் காட்சியை மறுபடி எழுதும்போது முழுசாகப் புரிந்துகொண்டேன். பொத்தானில் ‘ஆம்’, ‘இல்லை’ என்று போடாமல் ‘சேமி’, ‘சேமிக்காதே’ என்று வினைச்சொல்லையே போட்டால், கேள்வியை அரைகுறையாகப் படித்தவரும் தப்பித்துக்கொள்வார்.

இதே காரணத்தால் “சேமிக்க வேண்டாமா?” என்று எதிர்மறையில் கேட்கவே கூடாது. தமிழில் “நீ வரலையா?” என்று கேட்டால் “ஆமாம், வரலை” என்போம். அந்த ‘ஆமாம்’ கேட்டவர் சொன்னதை ஒத்துக்கொள்கிறது. பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ பழகிய நம் பிள்ளைகளுக்கு ‘ஆம்’ எதிர்ப்பக்கம் சாயும். அப்புறம் “பதிவை ரத்து செய்யவா?” என்று கேட்டுவிட்டுக் கீழே ‘சரி’, ‘ரத்து’ என்று இரண்டு பொத்தான் வைக்கும் கொடுமை. இதில் எதை அழுத்தினால் பதிவு ரத்தாகும்? பெரியவர்கள் பலர் ‘ரத்து’வைத்தான் அழுத்துவார்கள், பதிவு அப்படியே இருக்கும். ‘பதிவை நீக்கு’, ‘இருக்கட்டும்’ என்று எழுதிப் பாருங்கள், யாரும் தடுமாற மாட்டார்கள்.

இங்கேதான் இலக்கிய உரையாடலும் கணினி உரையாடலும் பிரிகின்றன. எட்டு விடையில் பெட்டி இரண்டைத்தான் ஏற்கிறது, நேரும் மறையும். “கால் வலிக்கிறது” என்று அதனிடம் சொல்ல இடமே இல்லை. அது குறை என்று நான் சொல்லவில்லை. கோப்பை அழிக்கவா என்று கேட்கும் இடத்தில் இனமொழி விடை தேவையில்லை, தெளிவுதான் தேவை. கதையில் சொல்லாமல் விட்டது அழகு. பெட்டியில் சொல்லாமல் விட்டது விபத்து. ஆனால் ஒரே ஒரு ‘சரி’ பொத்தான் மட்டும் வைத்து, அழுத்தும்வரை வேறு எதையும் தொட விடாமல் வழிமறித்து நிற்கும் பெட்டியை நான் உரையாடல் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். அங்கே என் பதிலால் எதுவும் மாறப்போவதில்லை. அது தண்டோரா. கேட்டுக்கொண்டேன் என்று கைநாட்டு வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இயந்திரங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கும் இதே சொல் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் இரண்டு கணினிகள் தொடர்பு தொடங்கும்போது மூன்று செய்திகள் போகும்: ‘பேசலாமா?’, ‘பேசலாம், நானும் பேசலாமா?’, ‘பேசலாம்’. இதற்கு மூன்றுபடிக் கைகுலுக்கல் என்று பெயர். வலைப்பின்னலை ஏழு அடுக்காகப் பிரித்துச் சொல்லும் பாடத்தில் ஐந்தாம் அடுக்கின் வேலைகளில் ஒன்று, இப்போது பேசும் முறை யாருடையது என்று பார்த்துக்கொள்வது. வாக்கி டாக்கி போல ஒருவர் முடித்தபின் ஒருவரா, தொலைபேசி போல இருவரும் ஒரே நேரத்திலா என்று. அர்த்தம் எதுவும் தெரியாத இயந்திரங்களுக்குக்கூட முறை வைத்துப் பேசும் ஒழுங்கு இல்லாமல் நடக்காது.

கடைசியாக, உங்கள் மாணவி அடுத்து கேட்கப்போவது சாட்பாட், அதாவது ஆளோடு எழுத்தில் பேசும் நிரல், பற்றித்தான், அதற்கும் தயாராக இருங்கள். 1966இல் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் ‘எலைசா’ என்ற நிரலைப் பற்றி எழுதினார். பெயரே பெர்னார்ட் ஷாவின் ஒரு நாடகப் பாத்திரத்திலிருந்து எடுத்தது. ஆள் சொன்ன வரியில் ஒரு முக்கியச் சொல்லைப் பிடித்து, ‘நான்’ என்பதை ‘நீங்கள்’ ஆக்கி, கேள்வியாகத் திருப்பிவிடும், அவ்வளவுதான் அதன் வித்தை. ஆனாலும் அதை அவர் உருவாக்குவதை மாதக்கணக்கில் பக்கத்தில் இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, சில வரி பேசியதும், கொஞ்சம் வெளியே இருங்கள் என்று அவரைக் கேட்டுக்கொண்டார். என் மாணவர்களோடு இதைத் தமிழில் செய்து பார்த்தேன். ஒரு பையன் “நான் சோகமாக இருக்கிறேன்” என்று அடித்தான். நிரல், “நீங்கள் ஏன் சோகமாக இருக்கிறேன்?” என்றது. ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘நான்’, ‘நீங்கள்’ போன்ற மூவிடப்பெயரை மாற்றினால் போதும். தமிழில் வினைமுற்றின் விகுதியிலும் ஆள் ஒளிந்திருக்கிறார். பேசுபவர் யார் என்பது நம் மொழியில் வினைக்குள்ளேயே தைக்கப்பட்டிருக்கிறது என்பதை அன்று பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள். திணை, பால், எண், இடம் நடத்த எனக்கு அதைவிட நல்ல பாடம் கிடைத்ததில்லை.

இன்றைய சாட்பாட்களுக்குப் பின்னால் இருக்கும் நிரல்களான பெரிய மொழி மாதிரிகள் இதைச் சரளமாகச் செய்கின்றன. அவை வேலை செய்யும் விதத்தில் நாடகக்காரனான எனக்கு ஒரு வியப்பு உண்டு. நீங்கள் ஒரு வரி எழுதியதும் அதுவரை நடந்த பேச்சு முழுவதும், யார் சொன்னது என்ற அடையாளத்தோடு, ஒரு பிரதியாக மாதிரியிடம் கொடுக்கப்படுகிறது: பயனர் சொன்னது, உதவியாளர் சொன்னது, மறுபடி பயனர். அடுத்து உதவியாளர் என்ன சொல்வார் என்று மாதிரி சொல் சொல்லாகத் தொடர்கிறது. அடுத்த தடவையும் பிரதி முதலிலிருந்து தரப்படும். அதாவது அடியில் இருப்பது நாடகப் பிரதியேதான். அதற்குள் புரிதல் இருக்கிறதா என்பதில் அந்தத் துறை அறிஞர்களே உடன்படவில்லை, தமிழாசிரியன் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. கூற்றும் மாற்றமும் இடையிடை மிடைகின்றன என்ற அளவில் அதை உரையாடல் என்று அழைக்க எனக்குத் தடையில்லை. எதிரில் ஒரு ஆள் இருக்கிறார் என்று பிள்ளைகள் நினைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

சரி, உங்கள் செயலிக்கு வருகிறேன். மொழிப் பாடத்தில் ‘உரையாடல்’ அப்படியே இருக்கட்டும். மனப்பாடம் செய்து நடிக்கும் பகுதிக்கு மட்டும் ‘வசனம்’ என்று போடுங்கள், பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியும். உதவிப் பக்கத்தில் ‘உரையாடல் பெட்டி’ என்பதை மாற்ற வேண்டாம். பல மென்பொருள்களில் நிலைத்துவிட்ட சொல், நாளை வேறு செயலியைத் திறந்தாலும் அவர்களுக்கு அது உதவும். ஆனால் ‘சரி’ மட்டும் உள்ள பெட்டியை ‘அறிவிப்பு’ என்று பிரித்துவிடுங்கள். நீங்கள் அனுப்பிய செயலித் திரையின் படத்தில், பயிற்சியின் நடுவே வெளியேறும் பிள்ளைக்கு “வெளியேறுவதை ரத்து செய்யவா?” என்று ஒரு பெட்டி வருகிறது, கீழே ‘ஆம்’, ‘இல்லை’. அதை “பயிற்சி இன்னும் முடியவில்லை. இப்போது நிறுத்தலாமா?” என்று மாற்றி, பொத்தான்களில் ‘நிறுத்து’, ‘தொடர்’ என்று வையுங்கள். மாணவியைக் கூப்பிட்டு அந்தப் பெட்டியைக் காட்டி, மேல் வரியை யார் யாரிடம் சொல்கிறார்கள், கீழ் வரியை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கும் எழுதுங்கள்.